இல்லாத வயிற்றுப்புண்

எர்ணாகுளத்தில் நான் கிடந்த ஆஸ்பத்திரியில், வயிற்றுநோய் வார்டுக்கு வெளியே ஒரு மர பெஞ்சு உண்டு. ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் அதில் உட்கார்ந்து என் தங்கை செண்பகம் கொண்டுவந்த குழைந்த சோற்றையும் மோரையும் சாப்பிட்டிருக்கிறேன். நான் அந்த வார்டு நோயாளி இல்லை. என் வார்டு அதற்குப் பின்னால், துணி காயப்போடும் முற்றத்தைத் தாண்டித் தனியாக நின்ற ஓட்டுக் கட்டிடம். மனநோய் வார்டு. ஞாயிறு காலை பதினொரு மணிக்குக் குளித்துச் சட்டை மாற்றி, தலை வாரி, வயிற்றைப் பிடித்தபடி வந்து அந்த பெஞ்சில் உட்காருவேன். வயிற்றைப் பிடிப்பது நாடகம். அதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தானாகவே வந்தது.

இது நடந்து பதின்மூன்று வருடம் ஆகிறது. அந்த வார்டில் பட்டதை எழுது, அதே வழியில் போகிறவர்களுக்கு உதவும் என்று அங்கே கூட இருந்தவர்கள் சொன்னார்கள். இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் பெஞ்சுதான். வார்டைப் பற்றி எழுதினால் பெஞ்சைப் பற்றியும் எழுத வேண்டும்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கம்பெனியில் தரம் பார்ப்பது என் வேலை. சாக்கில் கைவிட்டு ஒரு பிடி அள்ளினால் ஈரம் எவ்வளவு, தூசி எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். சந்தேகம் வந்தால் ஒரு குவளைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்போம். கனமான மணி அடியில் போகும், உள்ளே ஒன்றுமில்லாத லேசு மிளகு மிதக்கும். என் கையை நம்பித்தான் கம்பெனி நடக்கிறது என்று எனக்கு ஒரு தலைக்கனம் உண்டு. அந்த வருட மழைக்காலத்தில் அந்தக் கையை நானே நம்பாமல் போனேன்.

பார்த்த சாக்கை மறுபடி பார்த்தேன். பூட்டிய கோடவுனைத் திரும்பி வந்து இழுத்துப் பார்த்தேன். வீட்டுக்குப் பாதி தூரம் போய்த் திரும்புவேன். ஒருநாள் ஆறு தடவை திரும்பினேன். சுமைதூக்குகிற சேட்டன்மார் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் சிரிப்பதை நிறுத்தியது எனக்கு அதிக பயமாக இருந்தது. ஒரு மதியம் மிளகுத் தூசிக்கு நடுவில் நிற்கும்போது நெஞ்சு தடதடவென்று அடித்தது, கை மரத்தது, கண் இருண்டது. மாரடைப்பு, செத்தோம் என்று நினைத்துச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் இதய டாக்டர். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நெஞ்சிலும் கைகாலிலும் ஒயரைப் பொருத்தி, இதயம் துடிக்கும் விதத்தைக் காகிதத்தில் கோடாக எடுப்பது அது. "குதிரைக்கு உள்ளது மாதிரி ஹார்ட்டு" என்றார் டாக்டர். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதற்குள் சாப்பாடு இறங்காமல் போனது. ஒரு மாதத்தில் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும், பிறகு தூக்கமே இல்லை. வயிறாக இருக்கும் என்று பேரியம் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சுண்ணாம்புக் கரைசல் போன்ற ஒரு வெள்ளைக் கூழைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுப்பார்கள். புண் இருந்தால் அந்த வெள்ளை அங்கே தேங்கி நின்று படத்தில் காட்டிக்கொடுக்கும். என் படத்தில் ஒன்றும் தேங்கவில்லை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்காட்டி, "வயிறு சுத்தம். நீங்க மனசு டாக்டரைப் பாக்கணும்" என்றார். நான் பார்க்கவேண்டிய டாக்டரின் பெயரை ஒரு சீட்டில் எழுதி மடித்துக் கொடுத்தார். மடித்துக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது.

வீட்டில் கூடிப் பேசினோம். அப்பா அம்மா இல்லை. சித்தப்பாதான் பெரியவர். என் மனைவி கமலம் இருந்தாள். செண்பகத்தைச் சாமான் வாங்கக் கடைக்கு அனுப்பியிருந்தோம், ஏனென்றால் பேச்சே அவளைப் பற்றியதுதான். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். பாலக்காட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துப் பிடித்துப்போய், அடுத்த பேச்சுக்கு நாள் கேட்டிருந்தார்கள்.

"மனசு சுகமில்லாத ஆஸ்பத்திரின்னு வெளியில தெரிஞ்சா அவளுக்குக் கல்யாணம் உண்டாகாது" என்றார் சித்தப்பா. "அல்சர்னு சொல்லுவோம். பஜார்ல பாதிப் பேருக்கு அல்சர் உண்டு. அதுக்கு ஒரு மரியாதையும் உண்டு, கேட்டியா. நேரத்துக்குச் சாப்பிடாம உழைச்சு வந்ததாக்கும்னு நினைச்சுக்குவாங்க."

"செண்பகத்துக்கிட்டயாவது நெசத்தைச் சொல்லிடலாமே" என்றாள் கமலம்.

"அவ வாயில எது நிக்கும்? வேண்டாம்."

நான் தடுக்கவில்லை. எனக்குச் சமாதானமாகக்கூட இருந்தது. பைத்தியக்காரன் என்பதற்கு அல்சர்காரன் எவ்வளவோ மேல். சித்தப்பாவைக் குறை சொல்லி எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த ஏழு வாரத்து ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க அவருடையது. சாகும்வரை அதை அவர் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. பயந்த மனிதர், நல்ல மனிதர். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கும்.

வார்டு நான் பயந்ததுபோல இல்லை. சங்கிலி இல்லை, கூச்சல் எப்போதாவதுதான். பதினெட்டுக் கட்டில். மாத்திரை கொடுத்தார்கள். வேலை செய்ய மூன்று வாரமாவது ஆகும், அதுவரை வாய் மட்டும் உலரும் என்று நர்ஸ் சொன்னார். சரியாக அதுதான் நடந்தது. பக்கத்துக் கட்டிலில் கும்பளங்கிக்காரர் ஒருவர், அவுசேப்பு சேட்டன். மீன் வளர்ப்பவர். அவருடைய ஆட்கள் எட்டுப் பேர் ஒன்றாக வந்து கட்டிலில் ஏறி உட்கார்ந்து கப்பைக்கிழங்கும் மீனும் பரிமாறுவார்கள். அவர் மனைவி படகில் பக்கத்தில் உட்கார்ந்த எல்லாரிடமும், "எங்க ஆளுக்கு மனசு தளர்ந்துபோச்சு, அதான் அட்மிட்டு" என்று சொல்லிக்கொண்டே வருவாராம். எனக்கு அந்த அம்மாள்மேல் எரிச்சலாக இருந்தது. வெட்கமில்லாத ஜனங்கள் என்று நினைத்தேன். அவர் என்னைவிட இரண்டு வாரம் முன்னால் குணமாகி வீட்டுக்குப் போனார்.

மாத்திரை எழுதியது டாக்டர். பேசிக் குணப்படுத்துவதற்கு வேறொருவர் இருந்தார். மனநல ஆலோசகர் என்று இன்று சொல்வோம். அன்று அந்த வேலைக்கு எங்களுக்குப் பெயர் தெரியாது. கண்ணாடியும் பருத்திப் புடவையும் பார்த்து எல்லோரும் டீச்சர் என்றோம், அன்னம்மா டீச்சர். அவர் பேசியது மலையாளம். எனக்கு நினைவிருப்பதை என் தமிழில் எழுதுகிறேன்.

முதல் நாள் கேட்டார்: "இதுவரைக்கும் எத்தனை பேர் உங்ககிட்ட தைரியமா இருக்கச் சொன்னாங்க?"

எண்ணிப் பார்த்தேன். "பதினொண்ணு."

"பிரயோஜனம் உண்டா?"

"இல்லை."

"அப்ப நான் பன்னிரண்டாவது ஆளாகலை."

மூன்று மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தேன்.

அவர் சொன்ன விதத்தில்தான் என் நோய் எனக்கே புரிந்தது. பதற்றம் என்பது இல்லாத பாம்புக்கு உடம்பு ஓடத் தயாராவது. அதனால்தான் நெஞ்சு அடிப்பதும் கை மரப்பதும். அது சாவு இல்லை. ரொம்ப நாள் அப்படி ஓடிக்கொண்டே இருந்த உடம்பு ஒருநாள் உட்கார்ந்துவிடும். பசி, தூக்கம், ஆசை எல்லாம் போய்விடும். அது மனச்சோர்வு. "சுமைக்காரன் தலையில ஒண்ணுமேல ஒண்ணா நாலு சாக்கை வெச்சு, அவன் உக்காந்துட்டா சோம்பேறின்னா சொல்லுவீங்க?" என்று கேட்டார். நான் சொல்லமாட்டேன். ஆனால் என்னை நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவருடைய வேலைமுறை சின்னச் சின்னதாக இருக்கும். பயம் வந்தால் அதோடு சண்டைபோடாமல், எங்கே வருகிறது என்று பார்க்கச் சொல்வார், கையிலா, தொண்டையிலா என்று. பிறகு நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விட வேண்டும். காலையில் எழுந்ததும் முழு நாளையும் நினைக்கக் கூடாது. இன்றைக்கு முகச்சவரம், அவ்வளவுதான். நாளைக்குச் சவரமும், முற்றம் வரை நடையும். செய்ததை ஒரு நோட்டில் எழுதி, செய்வதற்கு முன்னும் பின்னும் மனசு எவ்வளவு கனமாக இருந்தது என்று பத்துக்கு மதிப்பு போட வேண்டும். "நீங்க தரம் பாக்கற ஆள்தானே, இது உங்களுக்குக் கஷ்டமா?" என்றார். பயங்களையும் எழுதச் சொன்னார். எழுதியதைப் படித்துவிட்டு, "குவளையில போட்டா இதுல எது மிதக்கும்?" என்று கேட்டார். இருபத்திரண்டில் பத்தொன்பது மிதந்தன.

பூட்டு விஷயம் தனி. என் டிரங்குப் பெட்டியைப் பூட்டச் சொல்லி, ஒருமுறை மட்டும் இழுத்துப் பார்க்கச் சொல்லி, என்னை எதிரில் உட்காரவைத்தார். எழுந்துபோய்த் தொடத் தோன்றியது. வியர்த்தது. டீச்சர் கடிகாரத்தை மேசைமேல் வைத்து, "ஏறட்டும். ஏறினது இறங்கும். நீங்க தொடாம இருந்தா போதும்" என்றார். இருபது நிமிடத்தில் இறங்கியது. நான் ஒன்றுமே செய்யாமல் இறங்கியது. அந்த இருபது நிமிடத்தை என் வாழ்க்கையில் பெரிய விஷயமாக நினைக்கிறேன். பயத்தோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் அது போய்விடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்த ஆள் நான். இதைப் படிக்கிறவர்கள் அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறுகளில் செண்பகம் வருவாள். மட்டாஞ்சேரி படகுத்துறையிலிருந்து படகு பிடித்து, தூக்குப்பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு. அல்சர்காரனுக்கு என்ன கொடுக்கலாம் என்று நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். குழைந்த சோறு, தண்ணீர் மோர், மிளகாய் கிள்ளாத பூசணிக்கூட்டு. வார்டுக்குள் தங்கையை விடமாட்டார்கள் என்று சொல்லி வைத்திருந்தோம். நான் பெஞ்சுக்கு வந்துவிடுவேன்.

"வேதனை குறைஞ்சுதா அண்ணா?"

"கொஞ்சம் தேவலை."

"எங்க வலிக்குது? மேலயா கீழயா?"

ஒரு வாரம் மேலே என்றும் அடுத்த வாரம் கீழே என்றும் சொல்லியிருக்கிறேன். அவள் அதைக்கூடக் கவனித்து, "இடம் மாறுதே, அப்ப ஆறிட்டு வருது" என்று சந்தோஷப்பட்டாள்.

கமலம் ஒருநாள் சொன்னாள், செண்பகம் வீட்டில் காரம் சாப்பிடுவதை விட்டுவிட்டாள் என்று. அண்ணனுக்கு இல்லாதது எனக்கும் வேண்டாம் என்றாளாம். ஊறுகாய் இல்லாமல் ஒருவாய் உள்ளே போகாது அவளுக்கு. எலுமிச்சை ஊறுகாய் ஜாடியை நான் ஒளித்துவைத்து அவளை அழவைத்த காலம் உண்டு. எனக்கு அன்று அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. சொல்லவில்லை.

அன்னம்மா டீச்சர் ஒரு ஞாயிறு தேவாலயத்திலிருந்து நேரே வந்தவர், பெஞ்சில் எங்களைப் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்காமல் போனார். மறுநாள் கேட்டார். நான் கதை முழுக்கச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை.

"உங்க அப்பா கடைசி மூணு வருஷம் யார்கிட்டயும் பேசாம சுவரைப் பாத்துப் படுத்திருந்தார்னு சொன்னீங்க. அதுக்கு உங்க வீட்டுல என்ன பேர்?"

"வாதம்."

"அதுவும் இதுதான். சில குடும்பத்துல இந்த நோய் ஒரு ஆளோட நிக்காது. உங்க தங்கைக்கு வரணும்னு இல்லை. ஒருவேளை வந்தா, அவளுக்கு அடையாளம் தெரியணும். அண்ணனுக்கு வந்தது, சரியாப் போச்சுன்னு தெரியணும். அவகிட்ட சொல்லுங்க."

"கல்யாணம் நின்னுபோகும் டீச்சர்."

 அந்தப் பயம் மிதக்கிற வகை இல்லை என்று அவருக்கும் தெரிந்திருந்தது. "சரி. கல்யாணம் கழிஞ்சாவது சொல்லுவீங்களா?" என்றார்.

"சத்தியமா."

ஏழு வாரத்தில் வீட்டுக்கு வந்தேன். மாத்திரை ஒரு வருடம் தொடர்ந்தது. வேலைக்குப் போனேன், கை திரும்பி வந்தது. அல்சர் மட்டும் போகவில்லை. பஜாரில் சாயாக்கடைக்குப் போனால், "இவருக்கு மசால்வடை கூடாது, பால் கொடு" என்று மற்றவர்களே சொல்வார்கள். வீட்டில் எனக்குத் தனிக் கூட்டு. பொய் சொன்னவனுக்கு அது சரியான தண்டனை என்று கமலம் கேலி செய்வாள். அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

செண்பகம் கல்யாணம் பாலக்காட்டில் நடந்தது. பந்தியில் நான் உட்கார்ந்ததும், மணப்பெண் மாலையும் கழுத்துமாக மேடையிலிருந்தே ஆள் அனுப்பி, "எங்கண்ணனுக்குச் சாம்பார் ஊத்தாதீங்க, தயிர்சாதம் கேட்டு வைங்க" என்று சொல்லியனுப்பினாள். அவளுடைய கல்யாணச் சாப்பாட்டில் நான் சாப்பிட்டது தயிர்சாதம் மட்டும்.

கல்யாணம் முடிந்தது. சத்தியம் பாக்கி இருந்தது. முதல் தீபாவளிக்கு வந்தாள், மாப்பிள்ளை கூடவே இருந்தார். பிரசவத்துக்கு வந்தாள், அந்த நேரத்திலா என்று தள்ளிப்போட்டேன். மீனா பிறந்தாள். அடுத்த தடவை, அடுத்த தடவை என்றே இரண்டு வருடம் ஓடியது. நன்றாக இருக்கிறவளிடம் எதற்கு என்று கடைசியில் எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

மீனாவுக்கு இரண்டரை வயதாகும்போது செண்பகத்திடமிருந்து அந்தக் கடிதம் வந்தது. எங்கள் வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். அதனால் அவள் தமிழை மலையாள எழுத்தில் எழுதுவாள். அந்தக் கடிதம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. அவள் எழுதியதை அப்படியே கொடுக்கிறேன்.

"அண்ணா, எனக்கும் உன்னோட அசுகம் வந்திருக்குன்னு தோணுது. சோறு இறங்கல. மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது. நெஞ்சு அடிச்சுக்குது. குழந்தை அழுதா எடுக்கக்கூட கை வரல. இங்க டாக்டர் வெள்ளையா ஒண்ணு குடிக்க வெச்சுப் படம் எடுத்தார். வயித்துல ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டார். அதுலேர்ந்து அத்தை நான் நடிக்கறேன்னு சொல்றாங்க. உனக்கும் இப்படித்தானே இருந்துது? உன் படத்துல மட்டும் புண்ணு எப்படித் தெரிஞ்சுது? நீ என்ன மருந்து சாப்பிட்டேன்னு எழுது. அதையே வாங்கிச் சாப்பிடறேன்."

கோடவுனில் நின்று படித்தேன். ஒவ்வொரு வரியும் என் நோய். அவள் அடையாளம் கண்டுபிடித்துவிட்டாள். பெயர் மட்டும் நான் கொடுத்த பெயர், தப்பான பெயர்.

அன்று வீட்டுக்குப் போய் மூன்று பக்கம் உண்மையை எழுதினேன். வார்டு, டீச்சர், மாத்திரை, எல்லாம். உறையில் போட்டு ஒட்டியபிறகு யோசனை வந்தது. அவள் மாமியார் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறவர். மூன்று பக்கமும் அவர் கையில் கிடைத்தால்? அவளையே திருப்பி அனுப்பிவிட்டால்? நெஞ்சு அடித்தது, கை மரத்தது. எனக்குத் தெரிந்த பயம்தான். கடிகாரத்தை முன்னால் வைத்து இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தால் இறங்கியிருக்கும். நான் உட்காரவில்லை. கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

பதிலுக்கு ஒரு கார்டு எழுதினேன். "மோர் நிறையக் குடி. காரம் தொடாதே. ஓணம் கழிந்து நான் நேரில் வந்து எல்லாம் சொல்கிறேன். அதுவரை தைரியமாக இரு."

தைரியமாக இரு என்று எழுதினேன். நான் எழுதினேன்.

ஓணத்துக்குப் பதினொரு நாள் இருந்தது. ஒன்பதாம் நாள் தந்தி வந்தது. செண்பகம் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். அதற்குமேல் அதைப் பற்றி எழுதமாட்டேன்.

பாலக்காட்டு வீட்டில் கூட்டம் நின்றது. வயிற்றுவலி தாங்காமல் போய்விட்டாள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னிடமும் ஒருவர் கேட்டார், "உங்களுக்கும் இதே அல்சர் உண்டில்லே?" நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அங்கே, அவள் கிடக்கும்போது, தலையாட்டினேன். அவள் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கெட்ட மனுஷி என்று நான் நினைத்திருந்தவர். "நீங்க எழுதின கார்டை தலைமாட்டுல வெச்சிருந்தா. நீங்க சொன்ன மாதிரியே மோர் மட்டுந்தான் குடிச்சா. வேற எது கொடுத்தாலும் அண்ணன் சொல்லலைன்னுட்டா" என்றார்.

நான் மறுபடி விழுந்தேன். மறுபடி அதே வார்டு, அதே முற்றம். பெஞ்சு இருந்த பக்கம் போகவில்லை. அன்னம்மா டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார்.

"நோயோட பங்கு உண்டு. அந்த வீட்டோட பங்கு உண்டு. உங்க பங்கும் உண்டு, இல்லைன்னு நான் பொய் சொல்லமாட்டேன். உங்க பங்கை எடுத்துக்கோங்க. மத்தவங்க பங்கையும் சேர்த்துத் தூக்காதீங்க" என்றார். பிறகு, "அந்தக் குழந்தைக்கு எத்தனை வயசு?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை மறுமணம் செய்துகொண்டபோது மீனா எங்களிடம் வந்தாள். இப்போது பதினொரு வயது. நன்றாகப் படிக்கிறாள், அதிகம் பேசமாட்டாள். காரம் தொடமாட்டாள். சின்னதிலிருந்தே அப்படி, பாலக்காட்டு வீட்டு வழக்கம் ஒட்டிக்கொண்டது என்று நினைத்துவிட்டோம். போன மாதம் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. காலையில் சாப்பிடாமல் வயிற்றைப் பிடித்தபடி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். கமலம் என்னைப் பார்த்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னம்மா?"

"மாமா, எனக்கும் வந்துடுச்சு."

"எது?"

"அம்மாக்கு வந்துதே, உங்களுக்கு வந்துதே, அந்தப் புண்ணு. நான் காரமே தொடலை மாமா. ஒருநாள்கூட தொடலை. ஆனாலும் வந்துடுச்சு." அவள் அழவில்லை. தன் முறை வந்துவிட்டது என்று அமைதியாகச் சொன்னாள்.

பதினொரு வயதுக் குழந்தை. இத்தனை வருடம் ஒவ்வொரு வேளையும் தட்டின்முன் உட்கார்ந்து, சாகாமல் இருப்பதற்காகச் சப்பென்று சாப்பிட்டிருக்கிறாள்.

எனக்கு நெஞ்சு அடித்தது. இந்தத் தடவை உட்கார்ந்தேன். ஏறட்டும் என்று விட்டேன். பிறகு அவளிடம் சொன்னேன், பெஞ்சு, வார்டு, டீச்சர், கிழித்த கடிதம், கார்டு, எதையும் விடவில்லை. அவள் அம்மாவுக்கு வந்தது என்ன நோய், அதன் பெயர் என்ன, அதற்கு மருந்து உண்டு, அதற்கென்று உட்கார்ந்து பேசுகிற மனிதர்கள் உண்டு என்று சொன்னேன். பரீட்சைக்கு வயிற்றைப் பிசைவது எல்லோருக்கும் வருவது என்றும், நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடவும் சொல்லிக்கொடுத்தேன்.  அவள் கேட்டாள்.

"இதை அம்மாகிட்ட ஏன் மாமா சொல்லலை?"

"பயந்துட்டேன்" என்றேன். 

அன்று அவள் பள்ளிக்கூடம் போனாள், பரீட்சை எழுதினாள். என்னிடம் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் சாப்பிடும்போது ஊறுகாய் ஜாடியைத் தன் பக்கம் இழுத்து, ஒரு விரல்நுனி அளவு எடுத்து நாக்கில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. காரமா, வேறு ஏதாவதா, நான் கேட்கவில்லை.

அன்று ராத்திரியே இதை எழுத உட்கார்ந்தேன். நோயாளிகளுக்கு உதவும் என்று எழுதச் சொன்னார்கள், உதவட்டும். ஆனால் நான் எழுதுவது ஒரு கடிதத்துக்குப் பதில். எட்டு வருடம் தாமதம்.

செண்பகம், நீ என்ன மருந்து சாப்பிட்டாய் என்று கேட்டிருந்தாய். மனசு தளர்ந்தவர்களுக்குக் கொடுக்கிற மாத்திரை சாப்பிட்டேன். ஒரு டீச்சரிடம் உட்கார்ந்து பேசினேன். மூன்று வாரத்தில் சோறு இறங்கியது, ஐந்தாவது வாரம் விடியும்வரை தூங்கினேன். உனக்கும் இறங்கியிருக்கும், நீயும் தூங்கியிருப்பாய். நீ நடிக்கவில்லை. நான்தான் நடித்தேன். என் படத்தில் புண் எப்படித் தெரிந்தது என்று கேட்டாய். தெரியவில்லை அம்மா. உன் அண்ணனுக்கு வயிற்றில் புண் இருந்ததே இல்லை.